சாலை யாரை எண்ணுகிறது?

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட 106ஆம் எண் வழிகாட்டியில் ஓர் அட்டவணை இருக்கிறது. நகரச் சாலை ஒன்று எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கும் என்று கணக்கிடப் பொறியாளர்கள் காலங்காலமாகப் புரட்டி வரும் பக்கம் அது. ஒரு காரை 1 என்று வைத்துக்கொண்டு, மற்ற வண்டிகள் ஒவ்வொன்றும் எத்தனை காருக்குச் சமம் என்று அது சொல்கிறது. சாலையில் எந்த வகை வண்டி எத்தனை விழுக்காடு ஓடுகிறது என்பதைப் பொறுத்து இருசக்கர வாகனத்துக்கு 0.5 அல்லது 0.75, ஆட்டோவுக்கு 1.2 அல்லது 2, பேருந்துக்கு 2.2 அல்லது 3.7, சைக்கிளுக்கு 0.4 அல்லது 0.5. குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும்கூட அதில் மதிப்பு உண்டு. நடந்து போகிறவருக்கு இல்லை. வண்டிப் பாதையின் கொள்ளளவைக் கணக்கிடும் அட்டவணையில் பாதசாரியைத் தேடுவது நியாயமா என்று கேட்கலாம். பாதசாரி வசதிகளுக்கென்று 103ஆம் எண் வழிகாட்டி தனியாக இருப்பதும் உண்மைதான். ஆனால் சாலை ஒன்றின் அகலத்தை முடிவு செய்யும்போதும், மேம்பாலம் வேண்டுமா என்று பார்க்கும்போதும், சிக்னலில் பச்சை விளக்குக்கு எத்தனை விநாடி என்று தீர்மானிக்கும்போதும் முதலில் மேசைக்கு வருவது வண்டிக் கணக்குதான். நடப்பவர் கணக்கு, மிஞ்சிய இடத்தைப் பங்கிடும்போதுதான் வருகிறது.

மயிலாப்பூர் லஸ் முனையை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு 60 பேர் அந்த இடத்தைக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஒரே பேருந்தில் வந்தால், மேற்சொன்ன அட்டவணையின் உயர்ந்த மதிப்பின்படியே சாலையின் மேல் விழும் சுமை 3.7. அதே 60 பேர் காருக்கு இருவராக வந்தால் 30 கார்கள், சுமை 30. இரண்டு பைக்குக்கு மூன்று பேர் என்று வந்தால் 40 பைக்குகள்; சுமை அப்போதும் 30. ஆக, பேருந்து மற்ற இரண்டு வழிகளையும்விட எட்டு மடங்கு சிக்கனமானது. ஆனால் சாலையோரம் வண்டிகளை மட்டும் எண்ணிக் குறிக்கும் தாளில் அந்தப் பேருந்து, நாலு கார் இடத்தை அடைத்துக்கொண்டு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று மற்றவர்களுக்குத் தடையாகும் ஒரு பெரிய வண்டி. அதற்குள் 60 பேர் இருக்கும் செய்தி அந்தத் தாளில் ஏறுவதில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. போக்குவரத்துத் தரவைக் கொண்டு நகரை ஒழுங்குபடுத்துவதும் காற்றைத் தூய்மையாக்குவதும் இயலக்கூடியவையே. ஆனால் அந்தத் தரவு வண்டிகளை எண்ணுவதை விட்டு மனிதர்களை எண்ண வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை கேமரா பொருத்தினாலும், எவ்வளவு நுட்பமான மென்பொருள் வாங்கினாலும், பழைய தவற்றை இன்னும் வேகமாகச் செய்வோம்.

சென்னைக்கு இந்த உண்மை தெரியாமல் இல்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்காக 2008ஐ ஒட்டி நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வு, வீடு வீடாகச் சென்று மக்களின் பயணங்களைக் கேட்டறிந்தது. மொத்தப் பயணங்களில் நடை 28 விழுக்காடு, பேருந்து 26 விழுக்காடு, கார் 6 விழுக்காடு என்றது அது. நகரின் பயணங்களில் பாதிக்கு மேல் காலாலும் பேருந்தாலும் நடந்தவை. இதை ஒட்டியே மாநகராட்சி 2014இல் இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இப்படியொரு கொள்கையை முதலில் ஏற்ற நகரம் சென்னை. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவது, 2018க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை அமைப்பது, நடை, சைக்கிள் பயணங்களின் பங்கை 40 விழுக்காட்டுக்கு உயர்த்துவது, பாதசாரி, சைக்கிளோட்டி சாவுகளை அறவே இல்லாமல் செய்வது என்று அது துணிந்து இலக்கு வைத்தது. 2018 வந்தது, போனது. அந்த இலக்குகளை நாம் எட்டவில்லை என்பதைவிட, எவ்வளவு தூரம் எட்டினோம் என்று ஆண்டுதோறும் அளந்து மக்கள் முன் வைக்கும் ஏற்பாடு வேரூன்றவில்லை என்பதே பெரிய குறை. வீட்டுக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்து போகிறது. கேமராவும் கைப்பேசி வரைபடமும் வண்டிகளின் கணக்கை நிமிடத்துக்கு நிமிடம் தருகின்றன. அன்றாடம் கண்ணில் படும் எண்ணே அன்றாட முடிவுகளை எடுக்கிறது. நடப்பவர் அரசின் அன்றாடப் பதிவேட்டில் இடம்பெறும் நேரம் பெரும்பாலும் ஒன்றுதான்: அவர் அடிபட்ட பிறகு, விபத்துத் தரவுத்தளத்தில். சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் உயிர் காக்கும் நல்ல கருவி. ஆனால் ஒருவர் விழுந்த பின்பே அவரை எண்ணத் தொடங்குவது நாகரிகமான நகரத்துக்கு அழகில்லை.

சிக்னலைச் சற்று அருகே சென்று பார்க்கலாம். சாலையைக் கடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பொறியியலில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. 18 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க அதன்படி 15 விநாடி போதும். ஆனால் முழங்கால் வலியோடு, கையில் காய்கறிப் பையோடு வரும் முதியவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 22.5 விநாடி வேண்டும். 15 விநாடி முடிந்து பைக்குகள் சீறும்போது அவர் 12 மீட்டர்தான் வந்திருப்பார். எதிர்க்கரைக்கு இன்னும் 6 மீட்டர் இருக்கும். மூத்த குடிமக்கள் நிறைந்த மயிலாப்பூரிலும் அடையாறிலும் இதை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு சென்னையில் நுண்ணறிவுப் போக்குவரத்துத் திட்டம் செயல்படுத்தப்படுகிறது. நெரிசலுக்கு ஏற்பத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்கள் அதில் முக்கியமான அங்கம். இத்தகைய சிக்னல்கள் உலகெங்கும் வழக்கமாகக் குறைக்க முயல்வது வண்டிகள் காத்திருக்கும் நேரத்தை. ஒருவரே இருக்கும் காரும் 60 பேர் இருக்கும் பேருந்தும் வரிசையில் நிற்பதை அவை எப்படி எடைபோடுகின்றன என்பதை, யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்த இலக்குதான் தீர்மானிக்கிறது. ஓரமாக நின்று கடக்கக் காத்திருக்கும் 40 பேரை அந்த இலக்கு சேர்த்துக்கொள்ளாவிட்டால், கருவியைப் பொறுத்தவரை அந்த 40 பேரும் அங்கே இல்லை. கைப்பேசி வரைபடத்தில் தெரியும் சிவப்புக் கோடுகளும் வண்டியில் நகரும் கைப்பேசிகளின் வேகத்தைத்தான் காட்டுகின்றன. நடைபாதை இல்லாத தெருவை எந்த வரைபடமும் சிவப்பாகக் காட்டுவதில்லை.

எண்ணும் முறையை மாற்றினால் சாலையும் மாறும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. தி.நகர் பாண்டி பஜாரில் தியாகராய சாலையின் வண்டிப் பாதையைச் சுருக்கி, இருபுறமும் அகலமான நடைபாதை அமைத்து, 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறந்தார்கள். பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ் நடந்த பணி அது. அதற்கு முன் வண்டிகளை நிறுத்திவிட்டு ஒத்திகையும் பார்க்கப்பட்டது. ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்ற வழக்கமான கேள்வியை மட்டும் கேட்டிருந்தால், இந்தத் திட்டம் தாளிலேயே தோற்றிருக்கும். கொள்ளளவைக் குறைக்கும் திட்டம் என்று கோப்பில் எழுதி மூடியிருப்பார்கள். அந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், கடைக்குக் கடை எப்படிப் போகிறார்கள், குழந்தையோடும் முதியவர்களோடும் வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டதால்தான் அது பிழைத்தது. அதேசமயம் பாண்டி பஜார் இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. ஓர் ஒத்திகைக்கும் ஒரு திறப்பு விழாவுக்கும் எடுத்த கணக்கு தொடர்ந்து எடுக்கப்பட வேண்டும். நடைபாதையில் ஏறி நிற்கும் பைக்குகள் எத்தனை, பக்கத்துத் தெருக்களுக்குத் தள்ளப்பட்ட நெரிசல் எவ்வளவு, பேருந்தில் வருவோர் கூடினார்களா, தள்ளுவண்டிக்காரரின் பிழைப்பு என்ன ஆயிற்று என்று மாதாமாதம் அளந்து வெளியிட்டால்தான் அடுத்த தெருவுக்கு வாதாட முடியும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதைக்கும் இதே கணக்கு பொருந்தும். அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இன்னும் ரங்கநாதன் தெரு வழியே கீழேயே போகிறார்கள் என்ற இரண்டு எண்களும் சேர்ந்தால்தான் திட்டத்தின் வெற்றி தெரியும்.

சுற்றுச்சூழலுக்கு வருவோம். மாநகராட்சி 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம், நகரின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு போக்குவரத்திலிருந்து வருகிறது என்கிறது. 2050க்குள் நிகரச் சுழிய நிலையை எட்டுவதும், பயணங்களில் 80 விழுக்காட்டைப் பொதுப்போக்குவரத்து, நடை, சைக்கிள் ஆகியவற்றுக்குக் கொண்டுவருவதும் அதன் இலக்குகள். இந்த 80ஐ எந்தக் கருவியைக் கொண்டு அளப்பது? வண்டிகளை எண்ணும் கேமராவால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. காற்றின் கணக்கிலும் இதே இடைவெளி இருக்கிறது. தி.நகரிலும் அடையாறிலும் கையால் மாதிரி எடுக்கும் காற்றுத் தர நிலையங்கள் இருந்து வந்திருக்கின்றன. அந்த முறையில் வாரத்துக்கு இரு நாள், ஆண்டுக்கு 104 அளவீடு என்பது நியதி. போக்குவரத்தை நிமிடக் கணக்கிலும், அது விடும் புகையை வாரக் கணக்கிலும் அளந்தால் இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுவது? மாலை ஆறு மணிக்கு உஸ்மான் சாலையில் நிற்பவர் சுவாசிப்பது ஆண்டுச் சராசரியை அல்ல. அந்த நேரத்து, அந்த இடத்துப் புகையை. பி.எம். 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டு ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5. இவ்வளவு பெரிய இடைவெளியைக் கடக்க வேண்டிய நகரத்தில், எந்தச் சந்திப்பில் எந்த மணியில் எந்த வண்டியால் காற்று கெடுகிறது என்று தெரியாமல் நடவடிக்கை எடுப்பது இருட்டில் துழாவுவதைப் போன்றது.

நெரிசல் குறைந்தால் புகையும் குறையும், ஆகவே மேம்பாலமும் அகலச் சாலையும் சுற்றுச்சூழலுக்கும் நல்லவைதானே என்பது பரவலான வாதம். வண்டிகள் நின்று நின்று போகும்போது எரிபொருள் கூடுதலாக எரிகிறது என்பது மெய்தான். ஆனால் கிடைக்கும் மிச்சம் நிலைப்பதில்லை. ஜில் துராந்தோன், மேத்யூ டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் தரவை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இது: நகரங்களுக்குள் நெடுஞ்சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது. சாலை இலகுவானதும், முன்பு தவிர்த்த பயணங்கள் திரும்பி வருகின்றன. பேருந்தில் போனவர் பைக் வாங்குகிறார். சென்னையின் முதல் மேம்பாலமான ஜெமினி மேம்பாலம் 1973இல் வந்தது. அதன்பின் எத்தனையோ பாலங்கள் எழுந்துவிட்டன. 2025இல் தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைக்கும் இரும்பு மேம்பாலம் திறக்கப்பட்டது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையில் 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைத் திட்டம் கையில் எடுக்கப்பட்டது. பாலம் ஒவ்வொன்றும் ஒரு சந்திப்பைத் தாண்ட உதவுகிறது. அடுத்த சந்திப்புக்கு நெரிசலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பாலம் திறந்து ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு கழித்து, அந்த வழியில் மணிக்கு எத்தனை மனிதர்கள் கடக்கிறார்கள், தலைக்கு எவ்வளவு புகை என்று அளந்து வெளியிட வேண்டும் என்பதை ஒவ்வொரு திட்டத்துக்கும் நிபந்தனையாக வைத்தால், அடுத்த பாலத்துக்கான வாதம் இன்னும் நேர்மையாக நடக்கும்.

எல்லா வண்டியும் மின்வண்டியானால் சிக்கல் தீர்ந்துவிடாதா? புகைக்குழாய்ப் புகை தீரும். அதற்காகவே மின்பேருந்துகளை வரவேற்க வேண்டும். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய தாழ்தள மின்பேருந்துகள் உண்மையான முன்னேற்றம். ஆனால் டயர் தேய்மானமும் பிரேக் துகளும் சாலைத் தூசியும் மின்வண்டியிலும் எழும். தமிழ்நாட்டு மின்சாரத்தில் நிலக்கரிக்கு இன்னும் பெரும்பங்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மின்காரும் ஒரு காரின் இடத்தை அடைக்கிறது. மயிலாப்பூரின் மாட வீதிகள் பேட்டரியால் அகலமாகிவிடாது.

மனிதரை எண்ணும் தரவு நம்மிடமே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மாநகரப் பேருந்து நல்ல சான்று. பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் போகும் 29சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துகளில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று சொல்லும்; சென்னை பஸ் செயலி அதை வைத்தே வண்டி எங்கே வருகிறது என்று காட்டுகிறது. நடத்துநரின் டிக்கெட் கருவி எங்கே எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனாலும் அவர்களுக்குச் சீட்டு கிழித்துத் தரப்படுகிறது. அந்தச் சீட்டு ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் பயணத்தைப் பதிவு செய்கிறது. முன்பு எந்தக் கேமராவும் எண்ணாத வீட்டு வேலைக்காரர், பூக்காரர், கடை ஊழியர் ஆகியோரின் பயணங்கள் இவை. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டது. அதே சீட்டுகளையும் ஜி.பி.எஸ். தரவையும் ஒன்றாக வைத்தால், 60 பேரைச் சுமந்த பேருந்து எந்தச் சந்திப்பில் எத்தனை நிமிடத்தை இழக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த நிமிடங்களை 60ஆல் பெருக்குங்கள். பேருந்துக்கு முன்னுரிமைப் பச்சை எங்கே தேவை, தனித் தடம் எங்கே தேவை, நிறுத்தத்தில் நிற்கும் கார்களை எங்கே அகற்ற வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடையாது.

நம் ஊர்ப் போக்குவரத்தை அளக்கவே முடியாது என்ற தயக்கம் ஒன்று உண்டு. தடம் பிரிக்காமல் பைக்கும் ஆட்டோவும் பேருந்தும் கலந்து ஓடும் சாலையில் மேலைநாட்டுக் கருவிகள் திணறுவது உண்மை. ஆனால் சென்னை ஐ.ஐ.டி.யின் நகர்ப்புறப் போக்குவரத்து ஆய்வாளர்கள், இந்தக் கலவையான ஓட்டத்திலேயே மாநகரப் பேருந்துகளின் ஜி.பி.எஸ். தரவைக் கொண்டு பயண நேரத்தைக் கணிக்கும் முறைகளைப் பல ஆண்டுகளாக உருவாக்கி வந்திருக்கிறார்கள். கண்காணிப்பு பற்றிய அச்சம் அதைவிடக் கனமானது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. சாலையைத் திட்டமிட யார் எங்கே போனார் என்று தெரிய வேண்டியதில்லை. எத்தனை பேர் எங்கே கடந்தார்கள் என்பது போதும். முகத்தையும் எண்பலகையையும் சேமிக்காமல் தலைகளை மட்டும் எண்ணி, அந்த எண்ணை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தரவைப் பூட்டி வைத்துக்கொண்டு மக்களைப் பார்ப்பது கண்காணிப்பு. மக்கள் பார்க்கும்படி தரவைத் திறந்து வைத்து அரசைக் கேள்வி கேட்க விடுவது பொறுப்புடைமை. நாம் கேட்பது இரண்டாவதை.

மக்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது கடைசிக் கேள்வி. கார் வைத்திருப்பவர் எதிர்ப்பார், வியாபாரிகள் பயப்படுவார்கள். ஸ்டாக்ஹோம் நகரம் 2006இல் நெரிசல் கட்டணத்தை ஏழு மாதம் சோதனையாக அமல்படுத்தியபோது தொடக்கத்தில் எதிர்ப்பே மிகுந்திருந்தது. கட்டண வளையத்தைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை மக்கள் கண்ணால் பார்த்தார்கள், அளவீடுகள் வெளிவந்தன, வாக்கெடுப்பில் நகரம் அதை ஏற்றது, 2007இல் அது நிரந்தரமானது. பேருந்து பெருகாத இடத்தில் கட்டணம் மட்டும் வசூலிப்பது அநீதி என்பதால், அதே கட்டணத்தை நாளையே சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. சோதித்துப் பார், அளந்து காட்டு, பிறகு முடிவெடு என்ற வரிசையைத்தான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சோதனைக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலாவுக்காகக் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளிலிருந்து வண்டிகள் விலக்கப்படுகின்றன. பெருந்திரளான மக்கள் அதே வீதிகளில் நடக்கிறார்கள், நீர்மோர் குடிக்கிறார்கள், கடை பார்க்கிறார்கள். அன்று அந்த வீதிகள் சுமக்கும் மனிதர்களின் எண்ணிக்கையை வேறு எந்த நாளும் தொடாது. வண்டிக் கணக்குத் தாளிலோ அன்றைய எண் பூஜ்யம். இதைவிட நீண்ட சோதனை ஒன்றும் இப்போது கண்முன் நடக்கிறது. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோவின் பணிக்காக லஸ், திருமயிலை, பனகல் பூங்கா, அடையாறு பகுதிகளில் சாலைகளைப் பல ஆண்டுகளாகச் சுருக்கியும் ஒருவழியாக்கியும் வைத்திருக்கிறார்கள். கெய்ர்ன்ஸ், ஆட்கின்ஸ், குட்வின் ஆகிய மூவர் சாலைக் கொள்ளளவைக் குறைத்த 70 நேர்வுகளைப் பதினொரு நாடுகளிலிருந்து திரட்டி 2002இல் ஆராய்ந்தார்கள். சரிபாதி நேர்வுகளில், சுற்றியுள்ள சாலைகளையும் சேர்த்துப் பார்த்தபோதே, முன்பிருந்த போக்குவரத்தில் 11 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. மக்கள் நேரத்தை மாற்றினார்கள், வழியை மாற்றினார்கள், சிலர் வண்டியையே விட்டார்கள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று இப்போதே அளந்து வைக்க வேண்டும். 2010இல் சட்டம் இயற்றப்பட்டு, 2022இல் முதல்வர் தலைமையில் முதல் கூட்டம் கூடிய ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு இதைவிட அவசரமான வேலை இல்லை. ஏனென்றால் தடுப்புப் பலகைகள் ஒருநாள் அகற்றப்படும். அன்று லஸ்ஸிலும் பனகல் பூங்காவிலும் திரும்பக் கிடைக்கும் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு கோப்பு வரும். அந்தக் கோப்பில் வண்டிக் கணக்கு மட்டும் இருந்தால் பழைய சாலையே திரும்ப வரும். மெட்ரோவிலிருந்து மேலேறி வருகிறவர்கள் எத்தனை பேர், 29சி-யில் நிற்பவர்கள் எத்தனை பேர், 22.5 விநாடி தேவைப்படும் முதியவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களை அதன் முதல் பக்கத்தில் சேர்க்க இன்னும் காலம் இருக்கிறது.